தோட்டா மாற்றப்பட்ட பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்: முதல் சுடுதலுக்கு முன் செய்யவேண்டிய சோதனைகள்

பழைய மவுசர், லீ-என்ஃபீல்டு, ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்கள் பல, பிறந்தபோது சுட்ட தோட்டாவை இன்று சுடுவதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவ மிச்சமாகக் கிடைத்தவற்றை மலிவாக வாங்கி, கடையில் எளிதில் கிடைக்கும் தோட்டாவுக்கு ஏற்றபடி சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கடைந்தும் குழலை மாற்றியும் வேட்டைத் துப்பாக்கியாக்கினார்கள். நல்ல பட்டறைகளில் நடந்த வேலையும் உண்டு, கொட்டகையில் கைக்கு வந்தபடி நடந்த வேலையும் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: நீலமிட்ட குழல், தேய்த்து மெருகேற்றிய வால்நட் கட்டை.

அப்படியொன்று உங்கள் கைக்கு வந்தால், அதை மறுபடி மாற்றுவதைப் பற்றி யோசிக்கும் முன்பே விடை தெரியவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இப்போது அது எந்தத் தோட்டாவுக்கான சேம்பர், அதைத் தாங்கும் நிலையில், போல்ட் என்னும் பூட்டுத் தண்டும் அது பூட்டும் ரிசீவர் என்னும் உடற்பகுதியும் சேர்ந்த ஆக்‌ஷன் இருக்கிறதா? குழலில் பொறித்திருப்பது இதற்கு விடை ஆகாது. சேம்பரைக் கடைந்தவர் பழைய பொறிப்பை அழிக்காமல் விட்டிருக்கலாம். வேறு துப்பாக்கியிலிருந்து கழற்றிய குழலாகவும் இருக்கலாம். அளந்து பார்த்தால் மட்டுமே தெரியும். சேம்பர் கடைவது, குழல் மாற்றுவது ஆகியவை லேத்தும், சேம்பரைக் கடையும் ரீமரும், அனுபவமும் உள்ள தகுதிபெற்ற துப்பாக்கிப் பணியாளரின் வேலை. அவரிடம் போகுமுன் துப்பாக்கியின் உண்மை நிலையைத் தெரிந்துகொள்ளும் வேலையை, பொறுமையும் சில அளவுக் கருவிகளும் உள்ள எவரும் செய்யலாம். உரிமத்தில் எழுதியிருக்கும் காலிபருக்கும் சேம்பரின் உண்மை அளவுக்கும் வேறுபாடு தெரிந்தால், உரிமம் தந்த அலுவலகத்தில் கேட்டுத் தீர்த்துக்கொண்ட பிறகே மேலே போங்கள்.

தேவையானவை: 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டர், வெர்னியர் காலிபர், நல்ல டார்ச், குழலுக்கேற்ற பித்தளைக் கம்பி, தூய ஈயத் துண்டு, சேம்பர் வார்ப்புக்கான செரோசேஃப் உலோகம் சுமார் 100 கிராம், சந்தேகிக்கும் தோட்டாவுக்கான ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளக்கும் கேஜ்கள், நீல மை அல்லது தடித்த மார்க்கர், விரிசல் காட்டும் சாயத் தெளிப்பான். முதல் வேலை மேகசினையும் சேம்பரையும் காலி செய்து, விரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்ப்பது. தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். கடைசியில் வரும் முதல் சுடுதலைத் தவிர, கீழே வரும் எந்தச் சோதனைக்கும் உயிருள்ள தோட்டா தேவையில்லை.

பொறிப்புகளைப் படித்தல்

பொறிப்புகளை நம்பி முடிவெடுக்கக்கூடாது என்றாலும் அவற்றைப் படிக்காமல் விடவும் கூடாது. பிரிட்டிஷ் ப்ரூஃப் (கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்க்கும் சோதனை) முத்திரை பெற்ற லீ-என்ஃபீல்டில் ".303, 2.222, 18.5 டன்" என்ற வகையில் இருக்கும். காலிபர், கூட்டின் (தோட்டாவின் பித்தளை உடல்) நீளம் அங்குலத்தில், ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை டன் அழுத்தம் என்பதே அந்த வரிசை. 2.222 அங்குலம் .303 கூட்டின் நீளம். அந்த எண்ணை வைத்திருக்கும் குழலில் வார்ப்பு எடுத்தபோது கூட்டு நீளம் 63 மி.மீ. வந்தால், முத்திரைக்குப் பிறகு யாரோ கடைந்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த முத்திரை இனி அந்தத் துப்பாக்கிக்குச் சாட்சி அல்ல. சி.ஐ.பி. (துப்பாக்கிச் சோதனைக்கான பன்னாட்டு அமைப்பு) உறுப்பு நாடுகளில் சேம்பரை மாற்றிய துப்பாக்கி மறுபடி ப்ரூஃப் சோதனைக்குப் போகவேண்டும். அமெரிக்காவில் அரசு ப்ரூஃப் முறை இல்லாததால் அங்கே மாற்றப்பட்டவற்றில் பெரும்பாலும் எந்தத் தடயமும் இருக்காது.

ரிசீவரின் அடையாளம் இன்னும் முக்கியம். ஒரே மவுசர் பெயரில் வந்தாலும் 1893, 1895 மாதிரிகளும் 1896 ஸ்வீடன் மாதிரியும் ஒரு வகை. 1898 மாதிரி வேறு வகை. 98-இல் போல்ட்டின் பின்புறம் மூன்றாவது பாதுகாப்பு லக் (ரிசீவரில் பூட்டும் முனைப்பு) உண்டு, வாயு கசிந்தால் விலக்கிவிடும் ஏற்பாடும் மேம்பட்டது. முந்தைய மாதிரிகளில் மூன்றாவது லக் இல்லை. அவற்றின் தோட்டாக்களான 7×57-க்கும் 6.5×55-க்கும் அமெரிக்கத் தரநிலை அழுத்தம் 51,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). .308 வின்செஸ்டருக்கு 62,000, .30-06-க்கு 60,000, .270 வின்செஸ்டருக்கு 65,000. முதல் வகை ரிசீவரில் .308 அல்லது .243 சேம்பர் கடைந்திருப்பதைக் கண்டால், வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதை முழு அழுத்தத் தோட்டாவுக்கு உகந்ததாக எண்ணவேண்டாம்.

1903 ஸ்பிரிங்ஃபீல்டில் வரிசை எண்ணைப் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி செய்தவற்றில் 800,000-க்குக் கீழும், ராக் ஐலண்டு செய்தவற்றில் 285,507-க்குக் கீழும் உள்ள ரிசீவர்கள் வெப்பப் பதப்படுத்தலில் சிக்கல் உள்ளவை. உலைச் சூட்டைத் தொழிலாளர்கள் கண்ணால் நிறம் பார்த்தே மதிப்பிட்டார்கள். வெயில் நாளுக்கும் மேகமூட்ட நாளுக்கும் அந்த மதிப்பீடு மாறியது. அதிகச் சூடேறிய எஃகு நொறுங்கும் தன்மை பெற்றது. நல்லது எது, கெட்டது எது என்று அழிக்காமல் பிரிக்க வழியில்லை. எனவே அந்த எண்ணுள்ளவை சுவரில் தொங்கட்டும்.

கனடாவின் 1910 ராஸ் ரைஃபிளில் வேறொரு ஆபத்து. அதன் போல்ட்டைத் தவறாகக் கோத்து உள்ளே தள்ள முடியும். மூடியதுபோல் தெரியும், ஆனால் லக் பூட்டியிருக்காது. போல்ட்டை முன்னே தள்ளும்போது தலை திரும்பி லக்குகள் பூட்டுகின்றனவா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் அதைச் சுடவே கூடாது.

லீ-என்ஃபீல்டில் 7.62×51 மாற்றம் என்றால் ரிசீவர் எதனுடையது என்பதே முதல் கேள்வி. பிரிட்டன் 1970 வாக்கில் நம்பர் 4 ரிசீவர்களை 7.62-க்கு மாற்றி எல்42ஏ1 போன்ற ரைஃபிள்களை உருவாக்கியது. இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலையின் 2ஏ வகைகள் 7.62-க்காகவே புதிதாகச் செய்யப்பட்டவை. பழைய முதலாம் உலகப் போர்க்கால எஸ்எம்எல்இ (குட்டைக் குழல் லீ-என்ஃபீல்டு) ரிசீவரில் யாராவது 7.62 குழலைப் பொருத்தியிருந்தால் அது இந்த இரண்டிலும் சேராது. வெளித் தோற்றம் ஒத்துப்போவதால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

குழலின் உள்விட்டம்: ஈயத் துண்டை ஓட்டுதல்

குழலை நன்றாகச் சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய்ப் படலம் விடுங்கள். நகத்தால் கீறினால் கோடு விழுமளவு மென்மையான தூய ஈயத்தில், எதிர்பார்க்கும் பள்ள விட்டத்தைவிட (குழலின் உட்புறச் சுழல்புரிப் பள்ளங்களின் அடிவரை உள்ள விட்டம்) 0.2 முதல் 0.3 மி.மீ. பெரிய துண்டு ஒன்றை எடுத்து, முகவாயிலிருந்து (குண்டு வெளியேறும் குழல் முனை) மரச்சுத்தியால் தட்டி உள்ளே இறக்குங்கள். பிறகு பித்தளைக் கம்பியால் சீராகத் தள்ளுங்கள். மரக்குச்சி வேண்டாம். அது சாய்வாக முறிந்தால் உடைந்த இரு முனைகளும் ஆப்புபோல் குழலில் இறுகிவிடும், எடுப்பது பெரும்பாடு.

தள்ளும்போது கையில் உணர்வதைக் கவனியுங்கள். முழு நீளத்திலும் ஒரே அழுத்தம் தேவைப்படவேண்டும். ஓரிடத்தில் திடீரென்று தளர்ந்து மறுபடி இறுகினால் அங்கே குழல் புடைத்திருக்கிறது. எப்போதோ அடைப்போடு சுட்டிருக்கிறார்கள். சேம்பருக்குப் பக்கத்தில் அந்தத் தளர்வு இருந்தால் சோதனை அங்கேயே முடிந்துவிட்டது.

வெளியே வந்த துண்டில் உயர்ந்து நிற்கும் பகுதி குழலின் பள்ளத்தைக் காட்டும். இரட்டை எண்ணிக்கைப் பள்ளம் உள்ள குழலில் எதிரெதிர் மேடுகளை மைக்ரோமீட்டரில் நேரே அளக்கலாம். லீ-என்ஃபீல்டு, பேட்டர்ன் 14, எம்1917 ஆகிய ரைஃபிள்களில் பெரும்பாலும் ஐந்து பள்ளங்கள். ஒரு மேட்டுக்கு நேர் எதிரே பள்ளம் வருவதால் சாதாரண அளவு குறைவாகவே காட்டும். 0.05 மி.மீ. தடிமனுள்ள பித்தளைத் தகட்டை ஈயத்தைச் சுற்றி ஒரு சுற்று இறுக்கிப் பிடித்து அளந்து, தகட்டின் தடிமனை இரு மடங்காகக் கழித்தால் சரியான விட்டம் கிடைக்கும்.

இந்த ஓர் எண் நிறையச் சொல்லும். 8×57 குடும்பத்தில் பழைய ஜே குழலுக்கான குண்டு .318 அங்குலம், அதாவது 8.08 மி.மீ. பின்னால் வந்த எஸ் குழலுக்கு .323 அங்குலம், 8.20 மி.மீ. எஸ் தோட்டாவை ஜே குழலில் சுட்டால் பெரிய குண்டு சிறிய துளைக்குள் பிதுங்கிச் செல்லவேண்டியிருக்கும், அழுத்தம் எகிறும். இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் அமெரிக்கத் தரநிலை 8 மி.மீ. மவுசருக்கு வெறும் 35,000 பிஎஸ்ஐ வைத்தது. ஐரோப்பியத் தரநிலையில் 8×57 எஸ்-க்கு 3,900 பார், ஏறக்குறைய 56,500 பிஎஸ்ஐ. ஐரோப்பியப் பெட்டியில் வரும் தோட்டாவை ஜே குழலில் போடுவது எவ்வளவு ஆபத்தானது என்பது இந்த இரு எண்களின் இடைவெளியில் தெரியும்.

புரியின் சுழற்சியையும் அளந்துவிடுங்கள். கம்பி முனையில் இறுக்கமான துணியை மாட்டி, சுழலும் கைப்பிடி வழியே தள்ளும்போது கம்பியில் ஒட்டிய நாடா ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் எடுக்கிறது என்று குறியுங்கள். .303-க்கும் .30-06-க்கும் வழக்கமாக 10 அங்குலம். 8×57 ராணுவக் குழலுக்கு 240 மி.மீ., 7×57-க்கு 220 மி.மீ., 6.5×55-க்கு 200 மி.மீ. பொறிப்பை அரம் போட்டு அழித்திருந்தாலும், குழல் எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயமாகச் சுழற்சி நிற்கும்.

சேம்பர் வார்ப்பு

முழு வேலையின் மையம் இதுதான். செரோசேஃப் என்பது பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் கலந்த உலோகம். 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். காட்மியமும் ஈயமும் இருப்பதால் சமையலறைப் பாத்திரத்தில் உருக்காதீர்கள். காற்றோட்டமுள்ள இடத்தில், இதற்கென்றே ஒதுக்கிய கரண்டியை வெந்நீர்த் தொட்டியில் வைத்து உருக்குவது போதும். நேரடிச் சுடர் தேவையில்லை.

போல்ட்டைக் கழற்றி, சேம்பரைக் கரைப்பானால் துடைத்து உலர்த்துங்கள். எண்ணெய் தங்கியிருந்தால் வார்ப்பில் குழிகள் விழும், பிறகு அவற்றைச் சேம்பரில் உள்ள துரு அரிப்பு என்று தவறாக நினைக்க நேரும். முகவாயிலிருந்து துணி உருண்டையைத் தள்ளி, புரி தொடங்கும் இடத்துக்கு 20 முதல் 25 மி.மீ. முன்னால் இறுக்கமாக நிறுத்துங்கள். துப்பாக்கியை முகவாய் கீழாக நட்டுநிலையாகப் பிடியில் பொருத்தி, ரிசீவர் வழியே மெல்லிய குழாயை இறக்கி உலோகத்தை ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். சேம்பரின் பின்விளிம்போடு நிறுத்திவிடவேண்டும். லக்குகள் பூட்டும் குழிக்குள் உலோகம் வழிந்தால் அது பிடித்துக்கொள்ளும், வார்ப்பு வெளியே வராது.

இறுகிய சில நிமிடங்களில் முகவாயிலிருந்து கம்பியால் மெதுவாகத் தட்டினால் வார்ப்பு பின்னால் வந்துவிடும். இந்த உலோகம் முதல் அரைமணி நேரம் சிறிது சுருங்கும். அந்த நேரத்துக்குள் எடுத்துவிடுவது எளிது. பிறகு விரியத் தொடங்கி, வார்த்து ஒரு மணி நேரம் ஆனபோது சேம்பரின் அளவுக்கே வந்து நிற்கும். அந்த நேரத்தில் அளவெடுக்கவேண்டும். மறுநாளைக்கு ஒத்திவைத்தால் அளவு தவறும். 200 மணி நேரத்தில் ஓர் அங்குலத்துக்கு 0.0025 அங்குலம்வரை கூடிவிடும். எங்காவது சிக்கிக்கொண்டால் சுத்தியலை ஓங்காதீர்கள். கட்டையைக் கழற்றி, குழலின் அந்தப் பகுதியில் கொதிநீரை ஊற்றினால் வார்ப்பு உருகி வழிந்துவிடும், மறுபடி தொடங்கலாம்.

ஐந்து இடங்களில் அளவெடுங்கள்: அடிப்பக்க விட்டம், தோளின் (உடல் குறுகிக் கழுத்தாகும் சரிவு) தொடக்க விட்டம், கழுத்தின் விட்டம், அடியிலிருந்து தோள்வரை நீளம், அடியிலிருந்து கழுத்து முடிவுவரை நீளம். தோட்டாக் கூட்டைவிடச் சேம்பர் எப்போதும் சற்றுப் பெரிதாகவே இருக்கும். .30-06 கூட்டின் நீளம் 63.35 மி.மீ., அடி 11.95, கழுத்து 8.63. .308-இல் நீளம் 51.18. 8×57-இல் நீளம் 57. .303-இல் 56.44, விளிம்பு 13.72.

இப்போது ஈயத் துண்டின் எண்ணையும் வார்ப்பின் எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். கூட்டு நீளம் 63 மி.மீ., ஆனால் பள்ள விட்டம் 8.20 மி.மீ. என்று வந்தால் அது .30-06 அல்ல. 8×57 மவுசரின் குழலை மாற்றாமல் சேம்பரை மட்டும் நீட்டிய 8மிமீ-06 என்ற கலப்பு. போருக்குப் பின் அமெரிக்காவில் இப்படி ஏராளமான மவுசர்களைக் கடைந்தார்கள். அதில் எந்தத் தோட்டாத் தொழிற்சாலைப் பெட்டியும் சரியாகப் பொருந்தாது. .30-06-ஐப் போட்டால் .308 அங்குலக் குண்டு .323 துளைக்குள் ஆடிக்கொண்டே போகும். 8×57-ஐப் போட்டால் கூடு ஆறு மில்லிமீட்டருக்கு மேல் குட்டை. தோள் எங்கும் முட்டாது, கூட்டை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் பிடியில் மட்டும் தொங்கிக்கொண்டு வெடிக்கும், கூடு கிழியக்கூடும். குழலில் '8மிமீ மவுசர்' என்ற பழைய பொறிப்பு மட்டும் நின்றால் அடுத்த உரிமையாளர் இந்தத் தவற்றைச் செய்தே தீருவார்.

இதேபோல .308-உம் .30-06 சேம்பரில் நுழைந்துவிடும். போல்ட் மூடியது என்பதற்காகத் தோட்டா பொருந்திவிட்டது என்று எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும், கண்ணைப் பறிக்கக்கூடிய தவறு.

வார்ப்பின் மேற்பரப்பையும் உற்றுப் பாருங்கள். வட்டமான மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடினால் சேம்பருக்குள் உறை செருகியிருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படை எம்1 கேரண்டு ரைஃபிள்களை இப்படி உறை வைத்து 7.62-க்கு மாற்றியபோது சில உறைகள் தளர்ந்து கூட்டோடு வெளியே வந்தன. தனியார் கைவேலையில் அதைவிட நல்ல ஒட்டு கிடைத்திருக்கும் என்று நம்பக் காரணமில்லை. நெடுக்காக ஓடும் கீறல்கள், ரீமர் நடுங்கியதால் விழுந்த அலைகள், அடி விட்டம் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் இருக்கும் முட்டை வடிவம் ஆகியவை மந்தமான கருவியால் அல்லது மையம் தப்பிக் கடைந்ததன் அடையாளம். சுட்ட கூடு அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஹெட்ஸ்பேஸ்

சேம்பர் எது என்று தெரிந்த பிறகே இந்தக் கேஜை வாங்க முடியும். போல்ட்டிலிருந்து ஊசித் தொகுதியையும் எக்ஸ்ட்ராக்டரையும் கழற்றுங்கள், பிளஞ்சர் வகை எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் முனை) இருந்தால் அதையும் எடுங்கள். சேம்பரையும் போல்ட்டின் முகத்தையும் பொட்டுத் தூசி இல்லாமல் துடையுங்கள். தூசி ஒன்றே 0.05 மி.மீ. மாற்றத்தைத் தரும், இங்கே பேச்சே அந்த அளவுகளில்தான். மவுசர் வகையின் நீண்ட கொக்கி எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றாமல் சோதிப்பதானால், கேஜை முதலில் கொக்கிக்குள் செருகி போல்ட்டோடு சேர்த்து உள்ளே அனுப்பவேண்டும். சேம்பரில் கேஜைப் போட்டுவிட்டுப் போல்ட்டை அதன்மேல் அறைந்தால் கொக்கி விளிம்பைத் தாண்ட முடியாமல் முட்டி, பொய்யான தடுப்பைக் காட்டும்.

'கோ' கேஜின் மேல் போல்ட் விரல் நுனி அழுத்தத்திலேயே முழுவதும் மூடவேண்டும். 'நோ-கோ' கேஜின் மேல் மூடக்கூடாது. மூடினால் 'ஃபீல்டு' கேஜால் பாருங்கள். அதன்மேலும் மூடினால் சுடக்கூடாது, பணியாளரிடம் போகவேண்டும். .30-06-க்கு 'கோ' 1.940 அங்குலம், 'ஃபீல்டு' 1.950. .308-க்கு 1.630-உம் 1.638-உம். .303 போன்ற விளிம்புத் தோட்டாவில் விளிம்பின் தடிமனே கணக்கு: 0.064 அங்குலம், பிரிட்டிஷ் ராணுவ உச்ச வரம்பு 0.074. கைப்பிடியைப் பலத்தால் அழுத்தாதீர்கள். போல்ட்டின் சாய்தளத்துக்கு நெம்புகோல் சக்தி அதிகம், கேஜையே நசுக்கி 'மூடிவிட்டது' என்று காட்டிவிடும்.

'நோ-கோ' எடுத்துக்கொள்கிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்று. சேம்பர் ஆழமாகக் கடையப்பட்டிருக்கலாம், அல்லது லக்குகள் ரிசீவரின் தாங்கு முகத்தைப் பின்னுக்குத் தள்ளியிருக்கலாம். இரண்டாவது மோசமானது. மென்மையான பழைய ரிசீவரில் அதிக அழுத்தத் தோட்டாவைச் சுட்டுவந்ததன் விளைவு அது. கேஜ் இல்லாமல் வெறும் போல்ட்டை மூடித் திறக்கும்போது தொடக்கத்தில் ஒரு தடக்கென்ற தடை தெரிந்தால் தாங்கு முகத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. வளைந்த மெல்லிய கம்பியால் அங்கே தடவிப் பார்த்தால் விளிம்பு நகத்தில் படுவதுபோல் உணரலாம். நீளமான போல்ட் தலையைப் பொருத்தினால் நம்பர் 4 லீ-என்ஃபீல்டில் ஹெட்ஸ்பேஸ் எண் சரியாகிவிடும். பள்ளம் ஏற்கெனவே விழுந்திருந்தால் அந்த எண் சரியானதால் எஃகு சரியாகாது.

லக், விரிசல், வெட்டப்பட்ட இடங்கள்

முன் லக்குகளின் பின்முகத்தில் மெல்லிய நீல மை தடவி, கேஜ் வைத்து போல்ட்டை இருபது முறை மூடித் திறந்தால் மை எங்கே தேய்ந்தது என்பது தெரியும். இரண்டு லக்குகளிலும் சற்றொத்த அளவில் தேயவேண்டும். ஒன்றில் மட்டுமே தேய்ந்தால் சுமை முழுவதும் அந்த ஒரு லக்கில் விழுகிறது. 98 மவுசரின் மூன்றாவது லக்கில் மை தேயவே கூடாது. அது அவசரத்துக்கான தாங்கல், வழக்கமான சுமையை ஏற்கும்படி செய்யப்படவில்லை.

சாயத் தெளிப்பானை லக்குகளின் அடிப்பகுதியிலும், 98-இன் இடது லக்கில் எஜெக்டர் செல்லும் பிளவிலும், ரிசீவர் வளையத்தின் உட்புறத்திலும் பயன்படுத்துங்கள். சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தை ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைத் தெளிப்பை அடித்தால் விரிசல் இருக்குமிடத்தில் சிவப்புக் கோடு கசிந்து எழும். தொலைநோக்கிக்காக ரிசீவரில் பிறகு போட்ட திருகுத் துளைகளையும் விட்டுவிடாதீர்கள். முன்துளை லக் குழிக்குள் ஊடுருவி, அதில் நீளமான திருகு போட்டிருந்தால் போல்ட் மூடும்போது லக் அதில் இடிக்கும்.

மாற்று வேலையில் எங்களுக்கு மிகவும் கவலை தருவது மேகசின் பக்கம். .30-06 தோட்டாவின் உச்ச நீளம் 84.8 மி.மீ. 8×57-க்கு அது 82 மி.மீ. அந்த மூன்று மில்லிமீட்டருக்காகப் மேகசின் பெட்டியின் முன்சுவரையும் ஏறுதளத்தையும் (தோட்டா சேம்பருக்குள் ஏறும் சரிவு) அரம் போட்டவர்கள் நிறையப் பேர். மேக்னம் தோட்டாவுக்காக இன்னும் நிறையச் சீவியவர்களும் உண்டு. ஏறுதளத்துக்கு உடனே முன்னால்தான் கீழ் லக்கைத் தாங்கும் எஃகு இருக்கிறது. அதைச் சீவினால் லக்கின் பின்னால் நிற்கும் சுவர் மெலிந்துவிடும். வேலை வெளியே தெரியாது, தோட்டாவும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், அதனாலேயே சந்தேகம் வராது. கட்டையைக் கழற்றி, கீழிருந்து டார்ச் அடித்து, மாற்றப்படாத அதே மாதிரி ரிசீவரின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஏறுதளம் கீழ் லக்கின் தாங்கு முகத்தைத் தின்றிருந்தால் எந்தத் தோட்டாவும் அதற்கு ஏற்றதல்ல.

போல்ட்டின் முகத்தையும் பாருங்கள். .30-06, .308, 8×57 மூன்றுக்கும் அடிவிளிம்பு ஏறக்குறைய 12 மி.மீ. மேக்னம் என்றால் 13.5. முகத்தைக் கடைந்து அகலப்படுத்தியிருந்தால் சுற்றுவிளிம்பு எவ்வளவு மெலிந்தது, கொக்கியின் நுனி எவ்வளவு மிஞ்சியது என்று அளந்து குறியுங்கள். 98-இல் குழல் உட்காரவேண்டியது ரிசீவருக்குள் இருக்கும் வளையத்தின் மேல். வெளித் தோளில் மட்டும் இறுக்கி உள்ளே இடைவெளி விட்டிருந்தால் கூட்டின் அடி அங்கே தாங்கலில்லாமல் நிற்கும். டார்ச் வெளிச்சத்தில் அந்த இடைவெளி கருங்கோடாகத் தெரியும்.

முதல் சுடுதல்

மேற்கண்டவை எல்லாம் தேறிய பிறகு, முடிவுகளை எழுதி எடுத்துக்கொண்டு தகுதிபெற்ற பணியாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ப்ரூஃப் ஹவுஸ் உள்ள நாட்டில் இருந்தால் அங்கேயே அனுப்புவது உத்தமம்.

முதல் மூன்று குண்டுகளைத் தோளில் வைத்துச் சுடவேண்டாம். அனுமதி பெற்ற சுடுதளத்தில், தளத்தின் பொறுப்பாளருடன், ரைஃபிளைப் பிடியிலோ பழைய டயரிலோ இறுக்கிக் கட்டி, தடுப்புக்குப் பின்னாலிருந்து நீண்ட கயிற்றால் விசையை இழுங்கள். தொழிற்சாலைத் தோட்டா மட்டும், ஒவ்வொன்றாக. ஒவ்வொரு சுடுதலுக்கும் பிறகு கூட்டை எடுத்துப் பார்த்த பின்பே அடுத்தது.

பிரைமர் (கூட்டின் அடியிலுள்ள தீப்பொறி மூடி) அடியிலிருந்து வெளியே தள்ளி நின்றால் ஹெட்ஸ்பேஸ் அதிகம். அடிக்கு மேலே சில மில்லிமீட்டர் தூரத்தில் பளபளக்கும் வளையம் தெரிந்தால் கூடு நீண்டு கிழியப்போகிறது. நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு அந்த இடத்தில் உரசினால் உட்புறப் பள்ளத்தைக் கையிலேயே உணரலாம். போல்ட் கனமாகத் திறந்து, பிரைமரும் தட்டையாகி, கூட்டின் அடியில் எஜெக்டர் அச்சு விழுந்தால் அழுத்தம் அதிகம். அது குறுகிய துளையாலோ நீளம் குறைந்த கழுத்தாலோ இருக்கலாம், வார்ப்பை மறுபடி எடுத்துக் கழுத்தின் விட்டத்தையும் நீளத்தையும் பாருங்கள். தோள் முன்னே ஊதி வேறு வடிவம் பெற்றிருந்தால் தவறான தோட்டா. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய சுடுதல் முடிந்தது. 'இன்னொன்று சுட்டுப் பார்ப்போம்' என்று தொடரக்கூடாது.

மூன்றும் சுத்தமாக வந்தால் இருபது குண்டுகள் சுட்டபின் ஹெட்ஸ்பேஸை மறுபடி கேஜால் அளந்து, முதல் அளவோடு ஒப்பிடுங்கள். அளவு நகர்ந்திருந்தால் லக்கோ ரிசீவரோ தளர்கிறது.

தேறிய துப்பாக்கியில், சேம்பரின் உண்மைப் பெயரைக் குழலில் தெளிவாகப் பொறிக்கப் பணியாளரிடம் சொல்லுங்கள். பழைய தவறான பெயரின் மேல் கோடிடச் சொல்லுங்கள். வார்ப்பையும் ஈயத் துண்டையும் அளவுத் தாளோடு சிறு பெட்டியில் போட்டு, துப்பாக்கியோடு எப்போதும் வைத்திருங்கள். வார்ப்பு நாளடைவில் விரிந்துவிடும் என்பதால் தாளில் எழுதிய எண்களே செல்லும். தேறாத துப்பாக்கியிலிருந்து ஊசியைக் கழற்றித் தனியே பூட்டி, விசைக்காப்பில் 'சுடக்கூடாது, காரணம் இது' என்று எழுதிய உலோகச் சீட்டைக் கம்பியால் கட்டிவிடுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவைத்தால் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது.